டாட்டூ எங்கே குத்திக்கொள்வது? திருவிழாக் கடை, நண்பனின் மெஷின், பெங்களூரு, நம்ம ஊர் ஸ்டுடியோ

அக்கா மகனுக்கு 22 வயது. ஓசூர் சிப்காட்டில் வேலை. ஆடிப் பதினெட்டுக்கு லீவு போட்டு வந்தவன், என் அம்மாவின் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே அம்மாவுக்கு ஒரு பச்சைக் கோலம் உண்டு. ஐந்து புள்ளி, அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் ஒரு கோடு, கீழே ஒரு தேள். அறுபது வருடத்தில் கோடெல்லாம் தடித்து, நிறம் பாசி மாதிரி ஆகி, தேளில் கொடுக்கு எது கால் எது என்றே தெரியாது.

"ஆயா கையில இருக்கிற இதே கோலத்த நானும் குத்திக்கப் போறேன் சித்தி. எங்க குத்துனா நல்லதுன்னு நீயே சொல்லு."

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெரிலைசேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, பேக் பண்ணி, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் மெஷினில் ஏற்றி இறக்குவது என் வேலை. மற்றவர்கள் டாட்டூ கடைக்குப் போனால் சுவரில் மாட்டிய டிசைன்களைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

அவன் மனதில் நாலு இடம் இருந்தது. ஒகேனக்கல் கூட்டத்தில் கடை போடுகிறவர்கள். கூட வேலை பார்க்கும் ஒரு பையன், ஆன்லைனில் மெஷின் வாங்கி வைத்திருக்கிறான், ரூமிலேயே குத்திவிடுவானாம். பெங்களூரில் ஒரு பெரிய ஸ்டுடியோ. கடைசியாக, தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கிற சின்னக் கடைகள். ரூமுக்கு மட்டும் நான் போகவில்லை, வீடியோவில்தான் பார்த்தேன். மற்றதையெல்லாம் இரண்டு பேரும் நேரிலேயே போய்ப் பார்த்தோம்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. இப்போது இருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். ஒருநாள் கழுவ வந்த டிரேயில், துணிக்கு அடியில் தையல் ஊசி ஒன்றை அப்படியே விட்டிருந்தார்கள். கிளவுஸைத் தாண்டி ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அந்த நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது, ஈரலைத் தாக்கும் வைரஸ். வேலைக்குச் சேரும்போதே எங்களுக்குப் போட்டிருக்க வேண்டிய தடுப்பூசியை அங்கே யாருக்கும் போடவில்லை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற ஊசியும் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பார்கள். விலையும் ஆயிரக்கணக்கில். யார் காசு கொடுப்பது என்று மேலே கீழே பேசி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைசி ரத்தப் பரிசோதனை வரும் வரைக்கும் குழந்தைக்கு நகம் வெட்டிவிடக்கூடப் பயந்தேன்.

டாட்டூ என்றதும் எல்லோரும் எச்.ஐ.வி.யைப் பற்றியே பேசுவார்கள். பயப்பட வேண்டிய வரிசை வேறு. தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி மருத்துவமனையில் ஒருவருக்குக் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. ஹெபடைட்டிஸ் சி நூற்றில் 2 அல்லது அதற்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி நூற்றில் 6 முதல் 30 வரை. அதோடு, காய்ந்துபோன ரத்தத்தில் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டாட்டூ ஊசி மருந்து ஊசி மாதிரி உள்ளே ஓட்டை உள்ளது அல்ல, அதனால் ரத்தத்தை அவ்வளவாகத் தேக்காது. சரி. ஆனால் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தோலுக்குள் போய் வருகிறது.

இதைச் சொன்னதும் அம்மா குறுக்கே வந்தார். "ஒரே ஊசிக் கட்டுல தெரு முழுக்கக் குத்திக்கிட்டோம். விளக்குக் கரியில தழைச் சாறு ஊத்திக் கொழப்பி, குத்தி முடிச்சதும் மஞ்சள பூசி அனுப்பிட்டாங்க. யாருக்கு என்னடி ஆச்சு?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் பதில் இருக்காது. ஹெபடைட்டிஸ் பி வந்த பெரியவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். சின்ன வயதில் தொற்றினால் உடம்பிலேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். தங்கினால் இருபது முப்பது வருடம் சத்தமே இருக்காது. அப்புறம் ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி ஒருவர் போய்ச் சேர்ந்தால் "காமாலை முத்திடுச்சு" என்போம். பத்து வயதில் திண்ணையில் உட்கார்ந்து பச்சை குத்திக்கொண்டதை யார் ஞாபகம் வைத்திருந்து டாக்டரிடம் சொல்வார்கள்? அதனால் "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

இனி ஒவ்வொரு இடமாகப் போகலாம்.

ஒகேனக்கல்லில் கூட்டம் இறங்கும் பாதையோரம், மீன் வறுக்கும் கடைகளைத் தாண்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பேட்டரி, ஒரு மெஷின், லேமினேட் பண்ணிய டிசைன் அட்டை. எழுத்துக்கு நூறு ரூபாய். நாங்கள் நின்ற இருபது நிமிடத்தில் மூன்று பேர் குத்திக்கொண்டார்கள். முதல் பெண்ணுக்குக் கணவர் பெயர். முடிந்ததும் அந்த ஆள் ஊசி முனையை ஒரு துணியில் துடைத்தார், டெட்டால் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கினார், அடுத்த பையனின் கையைப் பிடித்தார். மை இருந்தது ஒரு பாட்டில் மூடியில். தீரத் தீர அதிலேயே ஊற்றினார். ஊசியை மாற்றினால்கூட, நோய் பரவ அந்த மூடி ஒன்றே போதும். முதல் ஆளின் ரத்தம் பட்ட ஊசி அதில் தோய்ந்திருக்கிறது, மூன்றாவது ஆளுக்கும் அதே மைதான். அந்த மனிதரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் உட்கார்ந்து பிழைக்கிறார், நூறு ரூபாய்க்குப் புது ஊசி கட்டுப்படியாகாது. ஆனால் டெட்டாலில் முக்கினால் ஊசி சுத்தமாகிவிடாது. இந்த இடத்தை இதோடு விட்டுவிடலாம்.

நண்பனின் ரூம் இதைவிட மேல் என்று அக்கா மகன் வாதாடினான். புது மெஷின், புது ஊசி, தெரிந்த பையன், காசும் வேண்டாம். வீடியோ காலில் கிட்டைக் காட்டச் சொன்னேன். பையன் பெருமையாகக் காட்டினான். ஊசிகள் ஒவ்வொன்றும் தனிப் பாக்கெட்டில் இல்லாமல் ஐம்பதும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தன. தேதி இல்லை, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் இல்லை. மை பாட்டிலில் நிறத்தின் பெயரைத் தவிர ஓர் எழுத்து இல்லை. புதுசு என்பது வேறு, ஸ்டெரைல், அதாவது கிருமியே இல்லாதது என்பது வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்த ஊசியில் இன்னொருவர் ரத்தம் இருக்காது, உண்மைதான். எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, கிருமி எல்லாம் இருக்கலாம். "எங்க உட்கார வெச்சுக் குத்துவ?" என்றேன். கட்டிலைக் காட்டினான். மேலே கொடியில் துணி காய்கிறது, கீழே ஒரு நாய்க்குட்டி. பையன் நன்றாக வரைகிறான், அது வேறு விஷயம். பழகுகிற கை தோலுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் ஒரு கவலை. ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால் மை பரவும், காயம் ஆறவும் நாளாகும்.

மூன்றாவது பெங்களூரு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். அவன் மனம் உண்மையில் இங்கேதான் இருந்தது. உள்ளே போனால் ஏசி, கண்ணாடி, காபி. மூலையில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டி. "ஸ்டெரிலைசர் மேடம்" என்றார் ரிசப்ஷன் பெண். அது யு.வி. பெட்டி. ஏற்கெனவே ஸ்டெரிலைஸ் செய்த பொருளை வைத்திருக்க உதவும், தானாக எதையும் ஸ்டெரிலைஸ் செய்யாது. வெளிச்சம் படுகிற பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும், இடுக்கின் உட்பக்கத்துக்கும் குழாயின் உள்ளேயும் எட்டாது. சலூன்களிலும் இதே பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்.

ஊசியில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தனிப் பாக்கெட், எத்திலீன் ஆக்சைடு வாயுவில் ஸ்டெரிலைஸ் செய்ததற்கான குறி, தேதி, எல்லாம் இருந்தது. குத்துபவரின் வேலைப்பாடு அபாரம். ஒருவர் முதுகில் யானை ஒன்று பாதி முடிந்திருந்தது, தும்பிக்கையின் சுருக்கம் வரைக்கும் தெரிந்தது. ஆனால் நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு கிளவுஸ். யானையைத் துடைத்த அதே கையால் போனை எடுத்து மாடல் படத்தைப் பெரிதாக்கினார். விளக்கின் கழுத்தைத் திருப்பினார். நாற்காலியின் நெம்புகோலை இழுத்தார். டிஷ்யூ ரோலில் கை வைத்தார். மறுபடி யானை. பத்து நிமிடத்தில் கிளவுஸ் ஒருமுறைகூட மாறவில்லை. கிளவுஸ் அவர் கையைத்தான் காப்பாற்றியது. முதுகுக்காரரின் ரத்தம் போனுக்கும் விளக்குக்கும் போய்விட்டது, அடுத்த ஆள் வரும்போது அங்கிருந்து திரும்பி வரும். கறுப்பு நிறத்தில் ரத்தம் தெரியாது என்பதும் ஒரு வசதி, யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

எல்லாப் பெங்களூரு கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நல்ல கடைகள் போனையும் விளக்குக் கைப்பிடியையும் கிளிங் ஃபிலிமில் சுற்றி வைக்கிறார்கள், ஆளுக்கு ஆள் அதை உரித்துப் போடுகிறார்கள். நான் சொல்வது, வாடகையும் விளக்கும் கையைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதுதான். டாட்டூ கடைகளுக்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸ் பெரும்பாலும் வியாபாரம் செய்வதற்கான லைசென்ஸ், சுத்தத்துக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கையே பிளந்துவிட்டார்கள் என்று செய்தி வந்து, கடைக்காரர் கைதாகி, கடைக்குச் சீல் வைத்தார்கள். அதுவரை அந்தக் கடை திறந்துதான் இருந்தது. 2025இல் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், டாட்டூ மைகளில் கன உலோகங்கள் இருப்பதாகச் சொல்லி, இதற்கு விதிமுறை வேண்டும் என்று பேசினார். எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இப்போதைக்குக் கண்காணிப்பாளர் நாம்தான்.

தூரமும் ஒரு கணக்கு. டாட்டூ என்பது அன்றைக்கே முடிகிற வேலை இல்லை, இரண்டு மூன்று வாரம் ஆறவேண்டிய காயம். ஐந்தாம் நாள் இங்கே வீட்டில் இருக்கும்போது சிவந்து வீங்கினால், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் போய்க் காட்டுவானா, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவானா? போட்டோ அனுப்புவான். அங்கிருந்து ஏதோ ஒரு ஆயின்மென்ட் பெயர் வரும்.

அப்புறம் நம்ம ஊர். இங்கே இரண்டு கடை பார்த்தோம்.

கிருஷ்ணகிரியில் பார்த்த கடைக்காரர் நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். அவருடையது பழைய காயில் (கம்பிச் சுருள்) மெஷின், கையில் பிடிக்கும் பகுதியும் ஊசி ஓடும் குழாயும் ஸ்டீல். ஊசி ஆளுக்குப் புதிது, குழாய் மட்டும் பழையது. "அத எப்படிங்க சுத்தம் பண்றீங்க?" என்றேன். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். வீட்டில் சாம்பார் வைக்கிற பிரஷர் குக்கர்! "மூணு விசில் விட்டுடுவோம்க்கா."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் யோசனையில் பாதி சரி. குக்கரில் ஏறும் அழுத்தமும் ஆட்டோகிளேவில் ஏறும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 15 பவுண்டு, வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி. மீதிப் பாதிதான் எங்கள் பிரிவில் எட்டு மணி நேர வேலை. முதலில், கழுவாததை ஸ்டெரிலைஸ் பண்ணவே முடியாது. குழாயின் உள்ளே மையும் ரத்தமும் காய்ந்து ஒட்டியிருந்தால், அதற்கு அடியில் இருக்கிற கிருமிக்கு அது கம்பளிப் போர்வை. குழாய்க்குள் நுழையும் மெல்லிய பிரஷ் வேண்டும். அதிர்வில் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, நேரம். 121 டிகிரியை எட்டிய பிறகு குறைந்தது 15 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும், பேக் செய்த பொருளுக்கு அரை மணி நேரம். மூன்று விசிலுக்கு அரிசி வெந்துவிடும், ஸ்போர் என்கிற கிருமி வித்து வேகாது. மூன்றாவது, ஈரம். எங்கள் பிரிவில் ஆட்டோகிளேவிலிருந்து ஈரமாக வந்த பேக் எதுவாக இருந்தாலும் சுத்தமில்லாத கணக்கில்தான் போகும், மறுபடி முதலிலிருந்து. ஈரத் துணி வெளியில் இருக்கும் கிருமியை உள்ளே உறிஞ்சிவிடும். குக்கரிலிருந்து எடுப்பது சொட்டச் சொட்ட வரும்.

சரி, உண்மையான ஆட்டோகிளேவ் வைத்திருக்கும் கடை என்றால் போதுமா? பேக்கில் ஒட்டும் டேப்பில் வெப்பம் பட்டதும் கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடு, வெப்பம் பட்டது என்று மட்டும் சொல்லும். உள்ளே கிருமி செத்ததா என்பதற்கு ஸ்போர் உள்ள சின்னக் குப்பியை உள்ளே வைத்து ஓட்டி, பிறகு அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நாள் தவறாமல் செய்து நோட்டில் எழுதி வைக்கும் டாட்டூ கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் ஆட்டோகிளேவோடே காலம் தள்ளுகிற நான் சொல்கிறேன்: நம்ம ஊரில், ஆட்டோகிளேவே தேவைப்படாத கடையாகப் பாருங்கள். தோலைத் தொடும் எல்லாமே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதாக இருந்தால், கழுவுவது, வேகவைப்பது, காயவைப்பது என்று தப்பு நடக்கும் மூன்று இடமும் ஒரேயடியாகப் போய்விடுகிறது.

தர்மபுரியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடிப்படி ஏறி, பத்துக்குப் பத்து ரூமில் பார்த்தது அப்படி ஒரு கடை. ஏசி கிடையாது. கடைக்காரப் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வேறொருவருக்குக் குத்த ஆரம்பிக்கும் நேரம், ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கையைக் கழுவினான். மெஷினுக்கும் வயருக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினான். தண்ணீர் ஸ்பிரே பாட்டிலுக்கும் ஒரு கவர். டேபிளில் புதுத் தாள் விரித்து, வாஸ்லினை ஐஸ் குச்சியால் கொஞ்சம் எடுத்து அதன்மேல் வைத்தான், குச்சி தொட்டிக்குப் போனது. சின்ன மூடிகளை அடுக்கி, அன்றைக்கு வேண்டிய மையை மட்டும் ஊற்றினான். கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியும் அதன் கூடும் சேர்ந்த துண்டு, அதன் பாக்கெட்டை வந்தவர் கண் முன்னால் நீட்டி, "தேதி பாத்துக்கங்கண்ணா" என்று சொல்லிக் கிழித்தான். நடுவில் போன் அடித்தது. எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் டிஷ்யூ வேண்டியிருந்தது. கிளவுஸைக் கழற்றிப் போட்டு, ரோலைக் கிழித்து, புது கிளவுஸ் மாட்டினான். அந்த இடத்தில்தான் நான் முடிவு செய்தேன்.

குறையே இல்லையா? இருந்தது. ஸ்டென்சிலை (டிசைன் வரைந்த தாளை) ஒட்டுவதற்குத் தடவும் ஸ்டிக்கை நேராகத் தோலிலேயே தேய்த்தான். எத்தனை தோலில் தேய்ந்த ஸ்டிக்கோ. சொன்னதும் யோசித்தான், "டிஷ்யூல எடுத்துத் தடவிக்கிறேன்க்கா" என்றான். கார்ட்ரிட்ஜில் மெம்பரேன் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, மையும் ரத்தமும் பின்னால் வழிந்து மெஷினுக்குள் போகாமல் தடுப்பது. மலிவான கார்ட்ரிட்ஜில் இது இருக்காது. அது இல்லையென்றால், ஊசி புதிதாக இருந்தும் மெஷின் பழைய ரத்தத்தைச் சுமக்கும். கேட்டது அவனுக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன், ஒன்றைப் பிரித்துக் கழற்றியே காட்டினான். பழைய ஊசிகளைக் கெட்டியான ஒரு கேனில் போட்டு வைத்து, தெரிந்த கிளினிக்கின் வெள்ளைப் பெட்டியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். மருத்துவமனையில் ஊசிக்கு வெள்ளை, குத்தினால் ஓட்டை விழாத பெட்டி. இல்லாவிட்டால் அது நகராட்சிக் குப்பைக்குப் போய் அள்ளுகிற அம்மாவின் கையில்தான் ஏறும். எனக்கு ஏறின மாதிரி.

விலையில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெங்களூரில் நாலாயிரத்துக்குக் கீழே பேச்சே இல்லை என்றார்கள், தர்மபுரியில் இரண்டாயிரம் கேட்டான். வேலைப்பாடு என்று பார்த்தால் அந்த முதுகு யானையை இவனால் போட முடியாது. ஐந்து புள்ளிக்கும் தேளுக்கும் யானைக்காரர் எதற்கு?

இன்னும் பெரிய கேள்வி மை. ஊசி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மை கெட்டிருந்தால் போச்சு. 2011 கடைசியில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரத்தில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கட்டி கட்டியாக வந்தது. காரணம் மைக்கோபாக்டீரியம் செலோனே என்கிற கிருமி. கடையில் அழுக்கு இல்லை. சாம்பல் நிறம் வரக் கறுப்பு மையைத் தொழிற்சாலையிலேயே நீர்க்க வைத்திருந்தார்கள், வந்த வினை அந்த மையோடு வந்தது. நீர்க்க ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் என்றாலும் ஸ்டெரைல் நீர் என்று அர்த்தமில்லை. நம்ம ஊரில் ஷேடிங்குக்குக் கேன் தண்ணீரை ஊற்றி நீர்க்கும் கடைகளும் உண்டு, குழாய்த் தண்ணீரே ஊற்றுவதும் உண்டு. ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் குப்பி மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதைக் கேளுங்கள். இந்தக் கிருமி வந்தால் இரண்டாம் மூன்றாம் வாரத்தில், காயம் ஆறினது என்று நினைத்த பிறகு, மை போன வழியிலேயே சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் கிளம்பும். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குக்கு மசியாது, சரியான மருந்தையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கித் தடவிக் காலத்தை ஓட்டாமல் தோல் டாக்டரிடம் போய், "டாட்டூ குத்தினேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் கேட்டான். வேண்டாம், அம்மா கையில் இருப்பது ஒற்றை நிறம்தானே என்றேன். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை என்பதால் பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், லாட் நம்பர், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் சக்தி முடிந்துவிடுகிறது.

கடை முடிவாகிவிட்டது, நாளைக்கே போகலாமா என்றான். இங்கேதான் எங்களுக்குள் சண்டை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான இலவச அட்டவணைக்குள் வந்தது 2011இல். அவன் அதற்கு எட்டு வருடம் முன்னால் பிறந்தவன். அக்காவிடம் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடச் சொன்னால், ரேஷன் கார்டு கவரில் கிடந்தது. போலியோ இருக்கிறது, தட்டம்மை இருக்கிறது, இது இல்லை. கடையைப் பத்து முறை சோதிப்பதைவிட, நாலு இடத்திலேயே மோசமான இடத்தில் மாட்டினாலும் பி வைரஸிலிருந்து காப்பாற்றக்கூடியது இந்த ஊசி. மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஹெபடைட்டிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரை உண்டு, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பி அப்படி இல்லை, வந்து தங்கிவிட்டால் அடக்கி வைக்கத்தான் மருந்து.

ஏற்கெனவே எங்கேயோ குத்திக்கொண்டு இதைப் படித்துப் பதறுகிறவர்களுக்கு: அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமும் காப்பார்கள். 1097 என்ற எண்ணில் கேட்கலாம். ஊசி சந்தேகமானது என்று தெரிந்தால், குத்தி 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே போங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அதற்குள்தான் கொடுப்பார்கள். இன்னொன்று, டாட்டூ குத்தினால் 12 மாதத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது. அக்கா மகன் வருடா வருடம் கம்பெனி கேம்ப்பில் கொடுப்பவன். அதற்குத்தான் கொஞ்சம் வருத்தப்பட்டான்.

ஆடியில் முதல் ஊசி, ஆவணி முடிவில் இரண்டாவது, மாசியில் மூன்றாவது. அதன் பிறகுதான் தர்மபுரி மாடிப்படி. குத்தியபின் செய்ய வேண்டியதையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்: சாதாரண சோப்பும் தண்ணீரும், சுத்தமான கை, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மூன்று வாரத்துக்குக் கிணறு, கே.ஆர்.பி. டேம், ஒகேனக்கல் எதிலும் இறங்கக் கூடாது. மூன்றாவது வரி அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

முதல் ஊசிக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அம்மாவையும் லேப்புக்குக் கூட்டிப்போயிருந்தேன். பையனுக்கு ஒரு ஊசி, தனக்கு எதற்கு என்று முனகிக்கொண்டே பச்சைக் கோலம் இருக்கும் அதே கையை நீட்டினார். மறுநாள் ரிசல்ட் வந்தது. பி இல்லை, சி இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு என் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு பச்சை குத்திக்க மூணு ஊசி போடுறாளாம். நான் அப்பவே சொன்னேன்ல, யாருக்கு என்ன ஆச்சு?"